‘அங்க இருக்கு மிஸ்!’: சிறு பிள்ளைகளுக்கு இடம் சொல்லக் கற்றுக்கொடுத்த அனுபவம்

மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளோடுதான் என் வேலை. ஒருநாள் வகுப்பில் பெரிய அட்டைப் படம் ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கை முழுக்கப் பசை. இன்னொரு கை, பிரிந்துவிடாமல் அட்டையை அழுத்திப் பிடித்திருந்தது. திரும்ப முடியாது. கத்தரிக்கோல் வேண்டியிருந்தது.

“கத்தரிக்கோல் எங்க இருக்கு, யாராவது பார்த்தீங்களா?”

முதுகுக்குப் பின்னாலிருந்து நான்கைந்து குரல்கள் ஒன்றாக வந்தன. “அங்க இருக்கு மிஸ்!”

“அங்கன்னா எங்கம்மா?”

“அதோ, அங்க!”

எல்லாரும் கையை நீட்டிக்கொண்டு நின்றிருப்பார்கள். எனக்குத்தான் பார்க்க முடியவில்லை. கடைசியில் ஒரு பையன் ஓடிப்போய் எடுத்து வந்தான். எங்கே இருந்தது என்று கேட்டேன். “அங்க” என்றான். அலமாரியின் கீழ்த்தட்டில் வண்ணப் பென்சில் டப்பாவுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. அது பிறகுதான் தெரிந்தது.

அதற்கு முந்தின வாரம்தான் ‘மேலே, கீழே, உள்ளே, வெளியே, முன்னால், பின்னால்’ பாடத்தை முடித்திருந்தோம். பயிற்சித்தாளில் நாற்காலிமேல் இருக்கும் பூனைக்கு வண்ணம் தீட்ட வேண்டும், கூடைக்குள் இருக்கும் பந்தைச் சுற்றி வட்டம் போட வேண்டும். எல்லாரும் சரியாகச் செய்திருந்தார்கள். எல்லாத் தாளிலும் நட்சத்திரம் போட்டுக் கொடுத்திருந்தேன். அப்படியானால் ‘டப்பாவுக்குப் பின்னால’ என்ற இரண்டு சொல் ஏன் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை?

அன்று வீட்டுக்குப் போன பிறகும் அது மனதை விட்டுப் போகவில்லை. யோசிக்க யோசிக்க ஒன்று தெளிவானது. தாளில் நான் சொல்லைச் சொன்னேன், பிள்ளைகள் படத்தைக் கண்டுபிடித்தார்கள். காதில் விழுந்த சொல்லைப் புரிந்துகொள்வது ஒரு வேலை. கண்ணால் பார்த்ததற்குத் தானாகச் சொல் தேடுவது வேறு வேலை. இரண்டாவதை நான் அவர்களிடம் கேட்டதே இல்லை. அதோடு, கேள்வி கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் ஒரே பொருள் கண்ணெதிரே தெரியும்போது, ‘இதோ’ என்பதே முழுமையான பதில். விரலை நீட்டினால் முடிந்துவிடுகிற விஷயத்துக்குப் பிள்ளை எதற்கு ஒரு வாக்கியம் கட்ட வேண்டும்?

அப்புறம் நான் செய்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இதைச் செய்கிறார்கள். கை காட்டக் கூடாது என்று தடை போட்டேன். “கையைக் கட்டிக்கிட்டு வாயால சொல்லு.” நன்றாகப் பேசுகிற இரண்டு மூன்று பேருக்கு அது விளையாட்டாக இருந்தது. ஆனால் ஏற்கெனவே குறைவாகப் பேசும் ஒரு சின்னப் பெண் இருந்தாள். என்னிடம் எதையும் காட்டுவதற்கு ஓடிவந்து கையைப் பிடித்து இழுப்பவள். தடை போட்ட சில நாட்களில் அவள் வருவதே நின்றுவிட்டது. சொல்லும் வரவில்லை, விரலும் போய்விட்டது. எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. குழந்தைகள் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே, ஏறக்குறைய முதல் பிறந்தநாளை ஒட்டி, விரல் நீட்டிக் காட்டத் தொடங்குகிறார்கள். ‘நான் பார்ப்பதை நீயும் பார்’ என்று இன்னொருவரிடம் சொல்வதற்கு அவர்களுக்குக் கிடைத்த முதல் வழி அது. அதைப் பிடுங்கிக்கொண்டு சொல்லைக் கேட்டது தவறு. தடையை அந்த வாரமே விட்டுவிட்டேன்.

அதற்குப் பதிலாக, கை இருந்தும் உதவாத ஒரு நிலையை உண்டாக்கலாம் என்று தோன்றியது. இன்றுவரை என் வகுப்பில் நிலைத்திருக்கும் மறைப்பு விளையாட்டு அப்படித்தான் வந்தது. இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே உட்காருவார்கள். நடுவில் ஒரு பெரிய அட்டையை மடித்து நிற்க வைப்பேன், ஒருவர் பக்கம் இருப்பது இன்னொருவருக்குத் தெரியாத அளவு உயரமாக. இருவரிடமும் ஒரே மாதிரிப் பொருட்கள்: மூடியுள்ள ஒரு பெட்டி, ஒரு டம்ளர், ஒரு பந்து, ஒரு மரக்கட்டை, ஒரு பொம்மை யானை. ஒருவர் அடுக்கிக்கொண்டே சொல்ல வேண்டும், மற்றவர் கேட்டு அதேபோல் அடுக்க வேண்டும். முடிந்ததும் அட்டையை எடுத்துவிட்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முதல் சுற்றில் ஒரு பையன் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே “பந்து இங்க, கட்டை இங்க, யானை இங்க” என்றான். எதிரே இருந்தவள் அவளுக்குத் தோன்றியபடி வைத்தாள். அட்டையை எடுத்ததும் அவனுக்கு உண்மையிலேயே அதிர்ச்சி. “நான் இங்கன்னு சொன்னேன்ல!” அவன் பொய் சொல்லவில்லை. தான் பார்ப்பதை எதிரே இருப்பவள் பார்க்கவில்லை என்பது அவனுக்கு அந்த நொடி வரை தோன்றவேயில்லை. நான் திருத்தப் போகவில்லை. அவளிடம் மட்டும் கேட்டேன், “உனக்கு எது புரியல?” அவள் சொன்னாள், “இங்கன்னா எதுக்குப் பக்கத்துல?” நான் ஒரு வாரம் பாடம் நடத்தியும் வராத சொல் ஒரு தோழியின் கேள்வியில் வந்துவிட்டது. அடுத்த சுற்றில் அவனும் ‘பக்கத்துல’ என்றான்.

ஆசிரியர் புரியாததுபோல் நடித்தால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். நமக்குத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியும். உண்மையாகவே தெரியாத ஒருவரிடம் சொல்லும்போதுதான் சொல்லுக்கான தேவையும் உண்மையாக இருக்கிறது. அதனால் இந்த விளையாட்டில் எதிரே இன்னொரு பிள்ளை இருப்பதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு ஐந்து பொருள் அதிகம். ஒரு பெட்டியும் ஒரு பந்தும் போதும்.

இந்த விளையாட்டு எனக்கும் சிலவற்றைக் கற்றுக்கொடுத்தது. நாம் யோசிக்காமல் பேசும் தமிழில், பிள்ளை தடுக்கி விழும் இடங்கள் எவை என்று அட்டையை எடுத்த ஒவ்வொரு முறையும் தெரிந்தது.

முதலாவது, ‘-ல’. “பெட்டியில பந்து” என்றான் ஒருவன். எதிரே இருந்தவள் மூடியைத் திறந்து பந்தை உள்ளே போட்டாள். அவன் வைத்திருந்தது மூடியின்மேல். இருவருமே தவறு செய்யவில்லை. பையில் பென்சில், மேசையில் புத்தகம், சுவரில் படம். உள்ளே இருப்பது, மேலே இருப்பது, ஒட்டிக்கொண்டிருப்பது எல்லாவற்றுக்கும் நம்மிடம் ஒரே ‘இல்’ இருக்கிறது. பேச்சுக்கு அது வசதி. ஆனால் பிள்ளை அந்த ஒன்றோடு நின்றுவிடாமல், தேவைப்படும்போது ‘பெட்டிக்குள்ள’, ‘பெட்டி மேல’, ‘பெட்டி ஓரத்துல’ என்று பிரித்துச் சொல்லவும் வேண்டும். அந்தச் சண்டைக்குப் பிறகு யாராவது ‘பெட்டியில’ என்றால் மற்ற பிள்ளைகளே “உள்ளயா, மேலயா?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இரண்டாவது, ‘கீழே’. “பந்தை மேசைக்குக் கீழ வை” என்றால் பாதிப் பேர் மேசைக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார்கள். முதலில் கவனக்குறைவு என்று நினைத்தேன். பிறகு நான் பேசுவதை நானே கவனித்தேன். ‘கீழ உட்காரு’, ‘கீழ போடாத’, ‘கீழ விழுந்துடுச்சு பாரு’. ஒரு நாளில் எத்தனை முறை சொல்கிறேனோ, அத்தனை முறையும் ‘கீழ’ என்றால் தரை. பிள்ளைகள் கேட்டதைத்தான் செய்தார்கள். ‘அடியில்’ என்ற சொல்லை எடுத்ததும் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. ‘மேசைக்கு அடியில’ என்றால் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள். ‘கீழே’ பிறகு வரட்டும்.

‘மேல’ என்பதிலும் இப்படி ஒன்று உண்டு, ஆனால் அதற்குத் தமிழிலேயே அழகான தீர்வு இருக்கிறது. புத்தகம் ‘மேசை மேல’ இருக்கிறது. விளக்கு ‘மேசைக்கு மேல’ தொங்குகிறது. தொட்டுக்கொண்டு இருந்தால் பெரும்பாலும் ‘க்கு’ வேண்டாம். தொடாமல் இருந்தால் வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் விளக்க வேண்டியதில்லை. நாம் சரியாகச் சொல்லிக்கொண்டே இருந்தால் அவர்கள் காது பிடித்துக்கொள்கிறது.

மூன்றாவதான ‘நடுவில்’தான் எனக்குப் பிடித்தது. ‘பெட்டிக்கும் டம்ளருக்கும் நடுவுல கட்டை.’ இதைச் சொல்ல இரண்டு பொருட்களை மனதில் பிடித்துக்கொண்டு, இரண்டுக்கும் ‘உம்’ போட வேண்டும். நான்கு வயதில் அது பெரிய சுமை. “பெட்டிக்கு நடுவுல” என்று ஒன்றை விட்டுவிடுவார்கள். கேட்பவர் கட்டையை மூடியின் நட்டநடுவில் வைப்பார். இதற்கு உடம்புதான் உதவியது. இரண்டு பேரை நிற்க வைத்து மூன்றாமவர் நடுவில் போய் நிற்பார். இடது பக்கம் இருப்பவரைத் தொட்டு “இவளுக்கும்”, அடுத்தவரைத் தொட்டு “இவனுக்கும்”, பிறகு தன் நெஞ்சில் கை வைத்து “நடுவுல நான்”. இரண்டு தொடுதல், இரண்டு ‘உம்’. இங்கே கை எவ்வளவு உதவுகிறது என்று பாருங்கள்! அதைத் தடை செய்த நாட்களை நினைத்தால் இன்னும் சங்கடமாக இருக்கிறது.

நம் வாக்கிய அமைப்பே ஓர் உதவி செய்கிறது, அதைப் பயன்படுத்தாமல் விடக் கூடாது. தமிழில் அடையாளப் பொருள் முதலில் வருகிறது, இடச்சொல் பின்னால் வருகிறது. ‘நாற்காலிக்கு’ என்று சொல்லி ஒரு மூச்சு நிறுத்துங்கள். பிள்ளையின் கண் நாற்காலிக்குப் போய்விடும். பிறகு ‘பின்னால’ என்று முடியுங்கள். இப்போது அது கேட்க வேண்டியது ஒரே ஒரு சொல்தான். ஒரே மூச்சில் “நாற்காலிக்குப்பின்னாலஇருக்கிறதைஎடுத்துட்டுவா” என்று ஓட்டும்போது விழிக்கும் அதே பிள்ளை, இந்தச் சின்ன இடைவெளியில் சரியாகப் போய் எடுக்கிறது.

ஒரு பிள்ளைக்குச் சொல் தெரிகிறதா என்று சோதித்துப் பார்க்கும்போது ஏமாந்துவிடக் கூடாது. ஈவ் கிளார்க் என்ற மொழியியலாளர் 1973-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் உள்ளே, மேலே, அடியில் என்று சொல்லிப் பொருட்களை வைக்கச் சொன்னார். மிகச் சிறியவர்கள் சொல்லைவிடப் பொருளையே பின்பற்றினார்கள். குழிந்த பொருளாக இருந்தால் உள்ளே போட்டார்கள், தட்டையான பரப்பாக இருந்தால் மேலே வைத்தார்கள். அதனால் ‘உள்ளே’ என்ற சொல் தெரிந்ததுபோலவும் ‘அடியில்’ தெரியாததுபோலவும் வெளிப்பார்வைக்குத் தோன்றியது. டம்ளரைக் கொடுத்து “உள்ள போடு” என்று கேட்பதில் ஒன்றும் தெரியவராது. பிள்ளை எப்படியும் உள்ளேதான் போடும். டம்ளரைக் கவிழ்த்து வைத்து ‘மேல’, ‘அடியில’, ‘பக்கத்துல’ என்று மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள். என் வகுப்பில் நன்றாகத் தெரியும் என்று நான் நினைத்திருந்த சிலருக்கு உண்மையில் தெரிந்திருக்கவில்லை.

எதிலிருந்து தொடங்குவது என்பதற்கு என் பதில், சொந்த உடம்பு. மேசைக்கு அடியில் புகுந்துகொண்டு, புகுந்திருக்கும்போதே “நான் மேசைக்கு அடியில இருக்கேன்!” என்று கத்தட்டும். வெளியே வந்த பிறகு கேட்டால் அது பழைய கதை. உடம்புக்குப் பிறகு பொம்மை, பொம்மைக்குப் பிறகு கட்டைகள், எல்லாவற்றுக்கும் கடைசியில் படம். நான் இதைத் தலைகீழாகச் செய்திருந்தேன், தாளில் தொடங்கினேன். தாளில் ‘பின்னால்’ என்பது பாதி மறைந்த ஓர் உருவம் மட்டுமே. அதைப் படிக்கத் தனியாகப் பழக்கம் வேண்டும். ‘மேலே’ என்பது அதைவிட விசித்திரம். மேசையில் படுக்கையாகக் கிடக்கும் தாளில், உடம்பிலிருந்து தள்ளியிருக்கும் விளிம்பை நாம் ‘மேலே’ என்கிறோம். “மேல கோடு போடு” என்றபோது ஒரு பிள்ளை பென்சிலைத் தாளுக்கு மேலே காற்றில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. அது செய்ததுதான் நியாயம்.

முன்னால், பின்னால் இரண்டுக்கும் தனி நேரம் ஒதுக்குங்கள். யானைக்கு முகம் இருக்கிறது, காருக்கும் இருக்கிறது, நாற்காலிக்கும் உட்காரும் பக்கம் இருக்கிறது. அவற்றுக்கு முன்னும் பின்னும் எங்கிருந்து பார்த்தாலும் மாறாது. பந்துக்கு முகம் இல்லை. பந்துக்கு முன்னால் என்றால் நமக்கும் பந்துக்கும் இடையில் என்று நாம் வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். இது எல்லா மொழிக்கும் பொதுவான இயற்கை விதி இல்லை. ஆப்பிரிக்காவில் பேசப்படும் ஹௌசா மொழியில், பந்துக்கு அந்தப் பக்கம் இருப்பதை ‘முன்னால்’ என்று சொல்வது வழக்கம். பந்தும் நம்மைப்போல் அதே திசையைப் பார்த்துக்கொண்டிருப்பதாக எண்ணிக்கொண்டால் அதுவும் பொருந்தத்தானே செய்கிறது! ஆகவே முகமுள்ள பொருட்களில் கை நன்றாகப் பழகும்வரை பந்தையும் மரத்தையும் எடுக்காதீர்கள்.

இடது வலதில் நான் அவசரப்படுவதில்லை. பெற்றோர் கேட்டாலும் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. பியாஜே என்ற உளவியலாளர் 1920-களிலேயே இதைப் பார்த்து எழுதியிருக்கிறார்: தன் சொந்தக் கையில் இடது வலது பிடிபட ஐந்து வயதிலிருந்து எட்டு வயதுவரை ஆகிறது, எதிரே நிற்பவரின் இடது வலது அதற்கும் பிறகுதான். நாம் பிள்ளைகளுக்கு எதிரே நின்றுகொண்டு “இடது கையைத் தூக்குங்க” என்று நம் இடது கையைத் தூக்கிக் காட்டுகிறோம். அவர்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் வலது கையைத் தூக்குகிறார்கள். அப்படிச் சொல்லும்போது மட்டும் நான் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். ‘எழுதுற கைதான் வலது’ என்றும் சொல்லிவிடாதீர்கள், இடது கையால் எழுதும் பிள்ளை வருடக்கணக்காகக் குழம்பும். ஐந்து வயதுவரை ‘கதவுப் பக்கம்’, ‘ஜன்னல் பக்கம்’ போதும். அது மாறாத அடையாளம், எல்லாருக்கும் ஒன்றுதான்.

வீட்டில் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் பயிற்சித்தாள் தருவதில்லை. பேச்சை மாற்றச் சொல்கிறேன். “அதை எடு” என்பதற்குப் பதில் “கட்டிலுக்கு அடியில இருக்கிற பந்தை எடு” என்று சொன்னால் போதும். பிள்ளை “அங்க” என்றால் திருத்த வேண்டாம். “ஆமா, தலையணைக்குப் பின்னால இருக்கு” என்று முழுதாகத் திருப்பிச் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டுமென்றே தப்பாகவும் சொல்லிப் பாருங்கள். “உன் செருப்பு அலமாரி மேலதானே இருக்கு?” என்றால் திருத்துவதற்கு எவ்வளவு ஆவலாக வருவார்கள்! வெளியே போனவர்களோடு தொலைபேசியில், படம் தெரியாத வெறும் குரல் அழைப்பில், ஒளிந்து விளையாடலாம். “நான் எங்க இருக்கேன் சொல்லுங்க” என்று பிள்ளை கேட்க, “மேசைக்கு அடியிலயா? கதவுக்குப் பின்னாலயா?” என்று நீங்கள் தேடலாம். அதுவும் ஒரு மறைப்பு அட்டைதான்.

2011-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வை எப்போதும் பெற்றோரிடம் சொல்வேன். பிள்ளைகளின் 14-வது மாதத்திலிருந்து 46-வது மாதம்வரை வீடுகளுக்குப் போய்ப் பேச்சைப் பதிவு செய்தார்கள். பொருட்களின் வடிவம், அளவு பற்றியும் வளைவு, ஓரம் போன்ற தன்மைகள் பற்றியும் பெற்றோர் அதிகம் பேசிய வீடுகளில் பிள்ளைகளும் அந்தச் சொற்களை அதிகம் பேசினார்கள். அவர்கள் நாலரை வயதில் வடிவங்களைத் திருப்பிப் பொருத்தும் புதிர்களையும் நன்றாகச் செய்தார்கள். பேச்சு மட்டுமே காரணம் என்று இதிலிருந்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சோறு ஊட்டும்போதும் துணி மடிக்கும்போதும் செலவில்லாமல் செய்யக்கூடிய ஒன்றை ஏன் செய்யாமல் விட வேண்டும்?

கையைப் பிடித்து இழுக்கும் அந்தச் சின்னப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? தடையை எடுத்த பிறகு அவள் திரும்ப வரக் கொஞ்ச நாள் ஆனது. மறைப்பு விளையாட்டில் பல வாரம் கேட்பவளாகவே இருந்தாள். சொல்பவளாக உட்கார மாட்டாள், நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் கேட்பவளாக அவளைப்போல் சரியாக அடுக்கியவர் யாரும் இல்லை.

வருடம் முடியும் நேரம். ஒரு மாலை என் மூக்குக் கண்ணாடியைக் காணாமல் மேசை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போகப் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவள் ஓடி வரவில்லை, அங்கிருந்தே கூப்பிட்டாள்.

“மிஸ், உங்க கண்ணாடி அலமாரி மேல இருக்கு. நீலப் பெட்டிக்கும் சுவத்துக்கும் நடுவுல.”

அங்கேதான் இருந்தது.